சின்னஞ்சிறு சுழல் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா

ஹெப்பகோடி, பொம்மசந்திரா ஆகிய தொழிற்பேட்டைப் பகுதிகளில் வாழும் தமிழர்களுள், பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றபின் காவற்பணியை மேற்கொண்டோர் உண்டு; சிறு தொழில் நடத்தி, சம்பளப் பணத்தைக் கையோடு எடுத்து வருவோரும் உண்டு. இவர்களுள் உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருப்போர் ஒரு சிலரே. அந்த ஒரு சிலருக்கும், அவர்களுடன் ஒரே கூரையின்கீழ் வாழ்வோருக்கும் பயன்படக்கூடிய செய்தி ஒன்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

2014ஆம் ஆண்டில், மேற்கு வங்காளத்திலுள்ள இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை ‘நிடர்’ என்னும் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. அஞ்சாதவர் என்பது அப்பெயரின் பொருள். அதன் விட்டம் 0.22 அங்குலம்; எடை 250 கிராம்; எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும். அதே ஆண்டில் கான்பூரிலிருந்து வெளிவந்த ‘நிர்பீக்’ 0.32 அங்குல விட்டமும் ஏறத்தாழ அரைக் கிலோ எடையும் உடையது. கால்கிலோத் துவரம்பருப்புப் பொட்டலத்தின் எடையே நிடருக்கு என்றால், அது எத்துணைச் சிறியது என்பது விளங்கும். அமெரிக்காவில் இதனினும் சிறிய, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஐந்து தோட்டாத் துப்பாக்கிகளும் செய்யப்படுகின்றன. இத்தகைய துப்பாக்கிக்கு எந்தத் தோட்டாவை வாங்குவது என்பதே நம் கேள்வி.

பட்டாளத்தில் இருந்தவர்கள் அறிந்த தோட்டா வேறு, இது வேறு. 0.303 முதலிய படைத்துறைத் தோட்டாக்களின் அடிப்பகுதியில், நட்டநடுவே ஒரு சிறு கிண்ணம் போன்ற கேப்பு பொருத்தப்பட்டிருக்கும். அடிமுனை அதைக் குத்தியவுடன் தீப்பொறி எழுந்து மருந்து பற்றிக்கொள்ளும். 0.22 தோட்டாவில் அந்தக் கேப்பு கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியில் உட்குழிவாக மடிக்கப்பட்டுள்ள விளிம்பினுள்ளேயே பற்றவைக்கும் மருந்து இருக்கிறது. ஈரமான அந்த மருந்தைக் கூட்டினுள் இட்டு, கூட்டைச் சுழற்றி விளிம்பின் உட்புறமெங்கும் பரவச் செய்து உலர்த்துகிறார்கள். அடிமுனை விளிம்பின் ஓரிடத்தை நசுக்கும்போது அவ்விடத்து மருந்து வெடிக்கிறது. இதனால்தான் இதற்கு விளிம்புத் தோட்டா என்று பெயர். பிரான்ஸ் நாட்டு ஃப்ளோபெர் என்பவர் 1845 அளவில் இம்முறைக்கு வித்திட்டார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியார் 1857இல் 0.22 ஷார்ட் தோட்டாவுடன் தம் முதற் சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் 0.22 லாங் ரைபிள் தோட்டா 1887இல் தோன்றியது.

இந்த அமைப்பிலேயே ஒரு குறை மறைந்திருக்கிறது. விளிம்பின் முழுச் சுற்றிலும் மருந்து ஒரே சீராகப் பரவியிராவிட்டால், அடிமுனை விழுந்த இடத்தில் மருந்து இல்லாமற் போகலாம், தோட்டா வெடிக்காது. நடுக் கேப்புத் தோட்டாவைக் காட்டிலும் விளிம்புத் தோட்டாவில் இது அடிக்கடி நேர்வது. சிறிய துப்பாக்கியில் சுருள்வில்லும் சிறியது, அடியின் வேகமும் குறைவு. ஆகவே குறை பெருகுகிறது. ஆபத்து வேளைக்கென்று வைத்திருக்கும் கருவி டக்கென்ற ஓசையோடு நின்றுவிட்டால், அதன் ரவை எத்தனை வேகமுடையது என்ற ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பிரயோஜனம்? வேகத்தை முன்வைத்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது முறையன்று என்று நாம் கருதுவதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் குழலின் நீளம். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தோர் 0.22 ரைபிளைச் சுட்டிருப்பர். நீண்ட அந்தக் குழலில் 2.6 கிராம் எடையுள்ள ரவை நொடிக்கு 375 மீட்டர் அளவு வேகம் பெறுகிறது. பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் இதுதான். அதே தோட்டாவை இரண்டங்குலக் குழலில் சுட்டால் 250 முதல் 280 மீட்டர் வரை கிடைத்தாலே மிகுதி. மருந்து எரிந்து முடியுமுன்னரே ரவை குழலை விட்டு வெளியேறிவிடுகிறது.

1959இல் அறிமுகமான 0.22 மாக்னம் தோட்டாவில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. ரைபிளில் நொடிக்கு 570 மீட்டர் பாயும் மாக்னம், சின்னஞ்சிறு குழலில் 300 மீட்டரை ஒட்டியே நிற்கிறது. எரியாது மிஞ்சிய மருந்து குழல் முனையில் பெருந்தீயாகவும் காதைப் பிளக்கும் ஓசையாகவும் வீணாகிறது. இரவில் சுட்டவர் கண்ணே சிறிது நேரம் கூசிப்போகும். முனையில் குழிவுள்ள ரவைகளின் கதையும் இத்தகையதே: குழிவு விரிவதற்கு வேகம் வேண்டும், அந்த வேகம் இங்கே இல்லை. ஆதலால் சாதாரண முழுமுனை ரவையே போதுமானது. அதுவே நேராகச் செல்லும்.

மாக்னமும் லாங் ரைபிளும் பெயரளவில் உறவினர், உருவில் அல்லர். மாக்னத்தின் கூடு பருமன் மிக்கது. லாங் ரைபிள் துப்பாக்கியின் அறைக்குள் அது நுழையாது. ஆனால் லாங் ரைபிள் தோட்டா மாக்னம் அறைக்குள் எளிதாக விழுந்துவிடும். அப்படியிட்டுச் சுட்டால், தளர்ந்த அறைக்குள் கூடு பிளந்து, வெப்ப வாயு பின்னோக்கி வெளிப்பட இடமுண்டு. 0.22 என்ற எண் ஒன்றாயிருப்பதால் தோட்டாவும் ஒன்றே என்று நம்பிவிடுவது கண்ணுக்கும் விரலுக்கும் கேடு. துப்பாக்கியின் உடலில் பொறித்துள்ள பெயரை முழுவதுமாகப் படித்து, அந்தப் பெயரையே கடையில் கேட்டு வாங்க வேண்டும். ஷார்ட் தோட்டாவை மட்டும் லாங் ரைபிள் அறையில் இடலாம். ஆனால் அது கரி வளையம் ஒன்றை அறையில் விட்டுச் செல்லும். சுத்தம் செய்யாவிடில் பின்னர் நீளத் தோட்டா உள்ளே செல்ல மறுக்கும்.

எடை குறைந்த துப்பாக்கிக்கே உரிய வேறொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. எஞ்சிய தோட்டாக்களின் ஈய ரவைகள் கூட்டில் இறுகப் பிடிக்கப்பட்டிராவிட்டால் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து, உருளையின் முகப்புக்கு வெளியே தலைநீட்டிவிடும். பிறகு உருளை சுழலாது. சுழல் துப்பாக்கியில் வெடிக்காத தோட்டாவைத் தாண்டி அடுத்ததற்குச் செல்ல விசையை மீண்டும் இழுத்தால் போதும். உருளையே சிக்கிக்கொண்டால் அந்த வழியும் அடைபடுகிறது. இதைப் பெட்டியைப் பார்த்து அறிய இயலாது, சுட்டே அறிய வேண்டும்.

உரிமம் பெற்ற சுடுதளத்தில், ஒரே தயாரிப்பைச் சேர்ந்த ஐம்பது தோட்டாக்களையேனும் தம் துப்பாக்கியில் சுட்டுப் பார்ப்பது நன்று. எத்தனை வெடிக்கவில்லை, உருளை தடையின்றிச் சுழன்றதா, வெற்றுக் கூடுகள் எளிதில் வெளிவந்தனவா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெடிக்காத தோட்டாவை உடனே வெளியெடுக்கலாகாது. சில வேளைகளில் மருந்து தாமதித்துப் பற்றும். குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடி அரை நிமிடமேனும் பொறுத்திருப்பது வழக்கம்.

படையில் பழகியவர்களுக்குத் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பயிலும் பழக்கம் உண்டு. விளிம்புத் தோட்டாத் துப்பாக்கிக்கு அது ஆகாது. உள்ளே கூடு இல்லாதபோது அடிமுனை அறையின் இரும்பு விளிம்பில் மோதி, இரண்டில் ஒன்று நசுங்கும்; அதன்பின் நல்ல தோட்டாவும் வெடிக்க மறுக்கும். அதற்கென விற்கும் போலித் தோட்டாவை இட்டுப் பயிலலாம். எண்ணெயையும் அளவோடு இட வேண்டும். ஊடுருவும் எண்ணெய் கூட்டின் வாய் வழியே கசிந்து விளிம்பு மருந்தைக் கெடுத்துவிடும்.

சிறு தோட்டாதானே என்று எண்ணுவதும் தகாது. 0.22 ரவை பலகைக் கதவையும் தகரத் தடுப்பையும் துளைத்துச் செல்லும். திறந்த வெளியில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் விழும். வரிசை வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் நம் குடியிருப்புகளில், சுவருக்கு அப்பால் உறங்குவது பிறர் குழந்தை. துப்பாக்கியும் தோட்டாவும் வெவ்வேறு பூட்டில் இருக்கட்டும்.

தோட்டாவை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம், உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்குள் மட்டுமே வாங்கலாம். வாங்கியதைக் கணக்கில் பதிவு செய்வர். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஹெப்பகோடிக்கு வருவது நமக்கு அன்றாட வழக்கம். ஆனால் தமிழ்நாட்டளவில் மட்டும் செல்லும் உரிமம் அந்த எல்லையைக் கடவாது. உரிமம் எப்பகுதிக்குச் செல்லும் என்பதை அதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். குடியிருப்பை 30 நாளுக்கு மேல் மாற்றி ஆயுதத்தையும் உடன் கொணர்ந்தால், புதிய இடத்து உரிம அதிகாரிக்கும் பழைய இடத்து அதிகாரிக்கும் 30 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பச்சை பூத்த பழைய தோட்டாக்களைக் குப்பையிலோ கிணற்றிலோ போடாமல், உரிமத்துடன் விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம்.