வலப்பக்க வீதிகளில் நம்மவர்

உங்கள் உறவினர் ஒருவராவது இன்று ஐரோப்பாவின் ஏதோவொரு நகரில் வாகனம் செலுத்திக்கொண்டிருப்பார். தொலைபேசியில் அவர் குளிரைப் பற்றிச் சொல்லியிருப்பார், வேலையைப் பற்றிச் சொல்லியிருப்பார். சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவதற்காகப் பட்ட பாட்டை மட்டும் சொல்லியிருக்கமாட்டார். ஊரில் இருபது வருடம் லொறி ஓட்டியவர், அந்நிய மண்ணில் பயிலுநராக அமர்ந்ததைப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் எப்படிச் சொல்வார்?

நம்மவர் பெருமளவில் வாழும் ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கு குடியேறியவருக்கு இலங்கை அனுமதிப்பத்திரம் ஆறு மாதங்களுக்கே செல்லுபடியாகும். அதன்பின் எழுத்துப் பரீட்சைக்கும் செயன்முறைப் பரீட்சைக்கும் தோற்றிச் சித்தியடைய வேண்டும். எழுத்துப் பரீட்சையில் 30 வினாக்கள். தமிழில் எழுத வழியில்லை. செயன்முறைப் பரீட்சையில் பயிற்றுநர் அருகில் இருப்பார். பரீட்சகரோ பின்னாசனத்தில் அமர்ந்து, வழி சொல்வதைத் தவிர அதிகம் பேசாமல் கவனித்துக்கொண்டிருப்பார். ஐம்பது வயதுத் தகப்பனுக்கு அந்த மௌனம் எத்தகைய பாரம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாம் இடப்பக்கமாகச் செல்பவர்கள், அங்கே வலப்பக்கம். கியரைத் தேடும் இடக்கை கதவில் போய் முட்டும். அது சிரிப்புக்குரியதே. ஆனால் வீதியைக் கடக்குமுன் முதலில் வலப்பக்கம் பார்க்கும் நம் பழக்கம் சிரிப்புக்குரியதன்று. அங்கே அருகிலுள்ள வாகனம் இடப்பக்கமிருந்தே வருகிறது. நெரிசலில் முன்னே செல்பவரைப் பின்தொடர்ந்தால் போதும்; பின்தொடர எவருமில்லாத அதிகாலை வெறுவீதியில்தான் பழைய பழக்கம் விழித்துக்கொள்ளும்.

வேறொரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். நம் நாட்டில் எதிரே வருபவர் முன்விளக்கை மின்னினால், "நான் வருகிறேன், விலகு" என்று பொருள். அங்கே ஒரு குறுகிய தெருவில் அவ்வாறு மின்னுபவர் பெரும்பாலும் "நீங்கள் முதலில் செல்லுங்கள்" என்கிறார். ஒரே ஒளி, நேரெதிரான பேச்சு! அதுபோலவே, அறிவிப்புப் பலகையோ சமிக்ஞை விளக்கோ இல்லாத சந்தியில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அவர் சைக்கிளில் வந்தாலும் பெரிய லொறி நிற்கவேண்டும். பெரிய வாகனத்திற்கே வீதி என்ற நம் எழுதாச் சட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை ஏற்பது எளிதன்று.

அதிவேக நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற்பட்டு வாகனங்கள் ஊர்ந்து செல்லத் தொடங்கியதும் நிகழ்வது என் மனதை மிகவும் தொடுவது. இடது ஓரத் தடத்தில் உள்ளவர்கள் இடப்பக்கமாகவும், ஏனையோர் வலப்பக்கமாகவும் ஒதுங்குவார்கள். நடுவே ஒரு வழி திறக்கும். நோயாளர் காவுவண்டியின் ஒலி கேட்ட பின்னர் அல்ல, அதற்கு முன்பே அவ்வழி திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். முன்னே காயமுற்றவர் யாரென்று எவருக்கும் தெரியாது; ஆயினும் அவருக்காக இடம் விடப்படுகிறது. ஜேர்மனியர் எல்லோரும் இதை மனமுவந்து செய்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2017இல் இதற்கான தண்டப்பணத்தை 200 யூரோவாக உயர்த்த வேண்டியிருந்தது.

அனுமதிப்பத்திரம் பெற விரும்புபவர் முதலுதவிப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். வாகனத்தில் முதலுதவிப் பெட்டி இருப்பது கட்டாயம். விபத்தில் சிக்கியவருக்கு, தன்னால் இயன்றும் உதவாமல் கடந்துசெல்பவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் வீதியில் குற்றுயிராய்க் கிடந்தவரை விட்டு விலகிச் சென்ற குருவும் லேவியரும் இன்று அங்கே நீதிமன்றப் படியேறியிருப்பார்கள். குருவாகிய எனக்கு இதை எழுதும்போது சற்று உறுத்தவே செய்கிறது.

1980களில் தஞ்சம் கோரிச் சென்ற நம் இளைஞர் பலருக்கு, தமக்கென ஒதுக்கப்பட்ட மாவட்ட எல்லையை அனுமதியின்றிக் கடக்கவும் உரிமையிருக்கவில்லை. அடுத்த நகரிலிருந்த சகோதரனைக் காணவும் கடிதம் எழுதிக் காத்திருக்க நேர்ந்தது. அத்தலைமுறையினர் ஓகஸ்ட் மாதத்தில் தம் வாகனங்களில் குடும்பமாக, நெதர்லாந்து எல்லையருகே உள்ள கெவெலார் மாதாவை நாடிச் செல்கிறார்கள். துன்புறுவோருக்கு ஆறுதலான அன்னை அவர். இந்து சகோதரரும் திரளாக வருகிறார்கள். அன்னையின் முன் நிற்பதற்கு முன்பே, எவரிடமும் அனுமதி கேளாமல் கடந்த அந்த நீண்ட வீதியே பலருக்கு ஒரு நன்றி மன்றாட்டாக இருந்திருக்கும். (கண்ணாடியில் தொங்கும் செபமாலை பார்வையை மறைத்தால் அங்கே அதுவும் குற்றம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் மாதா கோபிக்கமாட்டார்.)

அதே ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்காகச் சிலர் ஊருக்கும் வருவார்கள். முன்னாசனத்தில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துவார்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் நீண்ட விமானப் பயணம் முடித்து இரவில் வந்திறங்கிய மகனிடம், "நீ ஓட்டு தம்பி" என்று கட்டுநாயக்காவிலேயே திறப்பைக் கொடுத்துவிடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து வடக்கே திரும்பும் வழியில் நேர்ந்த விபத்துகளை நம் பத்திரிகைகளில் எத்தனை முறை வாசித்திருக்கிறீர்கள்! அவர் கண்கள் இன்னும் வலப்பக்க வீதியிலேயே இருக்கும். நீங்கள் அமர்த்திச் சென்ற சாரதியும் பகல் முழுவதும் ஓடிக் களைத்திருப்பார். புத்தளத்தில் வண்டியை நிறுத்தி, அவரை ஒரு மணிநேரம் தூங்கவிடுங்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு, தாமதமாகும் என்று அங்கிருந்தே சொல்லிவிடலாம்.