வளர்த்தால் பொறுப்பும் நம்முடையதே!

திருவனந்தபுரம் அருகே அடிமலத்துறை கடற்கரையில் 2021 ஜூன் 28-ந் தேதி நடந்த கொடுமை கேட்டவர் நெஞ்சையெல்லாம் பதறச் செய்தது. படகின் அடியில் படுத்திருந்த ‘புரூணோ’ என்ற வளர்ப்பு நாய், தூண்டில் முள்ளில் மாட்டித் தொங்கவிடப்பட்டு, கட்டைகளால் அடித்துக் கொல்லப்பட்டது. மூவர் கைது செய்யப்பட்டனர். கேரள ஐகோர்ட் தானாகவே முன்வந்து விசாரணையை மேற்கொண்டு, அந்த வாயில்லா ஜீவனின் பெயரையே வழக்குக்குச் சூட்டியது.

அதே வழக்கில் வளர்ப்பவர்களின் கடமையையும் கோர்ட் நினைவூட்டியது. பிராணி வளர்ப்போர் ஆறு மாதத்துக்குள் உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்து லைசென்ஸ் பெற உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று 2021 ஜூலையில் அரசுக்குக் கூறியது. நாய்க்கு லைசென்ஸ் வேண்டுமானால் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்டியாக வேண்டும்.

நம்மவர் வீடுகளில் நடப்பது என்ன? குழந்தை ஆசைப்படுகிறது என்று குட்டியைக் கொண்டு வருகிறோம். மாற்றல் உத்தரவு வந்தாலோ, வீட்டுக்காரர் முகம் சுளித்தாலோ, ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் விட்டுவிடுகிறோம். கையால் சோறு தின்று பழகிய நாய் குப்பைத்தொட்டியில் என்ன செய்யும்? தெரு நாய்களிடம் கடிபடும், பசியில் அலையும், கல்லடி வாங்கும். ஊசி போடாத நாயாக இருந்து வெறிநோயும் தொற்றிவிட்டால், ஆபத்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான். அறிகுறி தோன்றிய பின் அந்த நோய்க்குப் பிழைப்பவர் அநேகமாக இல்லை.

பிராணியைப் பசி தாகத்தில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். தொகை சிறியது என்பதால் பாவம் சிறியதாகிவிடாது!

ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை என்பாரும் உண்டு. ரயிலில் வழி இருக்கிறது. முதல் வகுப்பில் கூபே முழுவதையும் ரிசர்வ் செய்தவர்கள் நாயைத் தங்களோடு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பார்சல் ஆபீசில் புக் செய்தால், கார்டு வேனில் உள்ள நாய்ப்பெட்டியில் ஏற்றிச் செல்வார்கள். தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். தண்ணீரும் தீனியும் கொடுப்பது உடையவர் பொறுப்பு. ஸ்லீப்பரிலோ இரண்டாம் வகுப்பிலோ ஏற்ற அனுமதியில்லை.

குட்டிக்கு மூன்று மாதமானதும் கால்நடை மருத்துவமனையில் முதல் ஊசி. டாக்டர் சொல்லும் நாளில் மறு ஊசி. பிறகு ஆண்டுதோறும் ஒன்று. யாரையாவது கடித்துவிட்டால், காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மஞ்சளும் மிளகாயும் அப்பிக்கொண்டு வீட்டில் இருப்பது உயிருக்கே உலை வைக்கும்.

லீவில் ஊருக்குப் போனால் இதற்கு யார் சோறு வைப்பார்? மாற்றல் வந்தால் எங்கே கொண்டுபோவோம்? குட்டியைத் தூக்கி வருவதற்கு முன்பே இவற்றுக்குப் பதில் தேடிக்கொள்ளட்டும். பதில் கிடைக்காவிட்டால், வளர்க்காமல் இருப்பதே அந்த ஜீவனுக்குச் செய்யும் உபகாரம்.