டிவிடியிலிருந்து படவில்லைக்கு

பவர்பாயிண்ட், லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் முதலிய படவில்லை மென்பொருள்களில் ஒரு புகைப்படத்தைச் சேர்ப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக டிவிடியில் உள்ள காட்சித் துண்டையும் சேர்த்துவிடலாம் என்று கருதுவோர், வட்டைக் கணினியில் இட்டு அதன் உள்ளடக்கத்தைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் திகைத்துப்போகின்றனர். படத்தின் பெயரில் ஒரு கோப்புகூட அங்கே இருப்பதில்லை. இதைப் படவில்லை மென்பொருளின் குறையாகச் சொல்வது பொருந்தாது. 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி-வீடியோ என்னும் அமைப்பு, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஓட்டும் கருவிக்காகவே வகுக்கப்பட்டது என்பதும், அதன் ஒவ்வொரு விதியும் அக்காலத் தொலைக்காட்சியின் இயல்பை ஒட்டியே அமைந்தது என்பதுமே இதற்குக் காரணம்.

120 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றை அடுக்கு வட்டில் 4.7 ஜிபி அளவு தகவல் அடங்கும். இந்தியத் தொலைக்காட்சி முறையான பால் முறையில் காட்சி 720 × 576 புள்ளிகள் கொண்டதாய், நொடிக்கு 25 சட்டகங்களாக, அதாவது பிரேம்களாக, ஓடுகிறது. நிறம் பற்றிய விவரத்தைக் கால் பங்காகக் குறைத்துக்கொண்டாலும் ஒரு சட்டகத்துக்கு 6,22,080 பைட் வேண்டும் என்பதால், சுருக்காமல் எழுதினால் வட்டு முழுவதும் ஐந்தே நிமிடங்களில் நிறைந்துவிடும். இரண்டு மணி நேரப் படம் அதில் அடங்குவது எம்பெக்-2 என்னும் சுருக்க முறையால்தான். இம்முறையில் ஏறத்தாழ அரை நொடிக்கு ஒரு சட்டகம் மட்டுமே முழுப் படமாக எழுதப்படுகிறது. இடையில் வரும் சட்டகங்களுக்கு, அண்டைச் சட்டகங்களிலிருந்து எது நகர்ந்தது, எது மாறியது என்ற வேறுபாடு மட்டும் குறிக்கப்படுகிறது. எனவே, மறுபடி சுருக்காமல் ஒரு துண்டை வெட்டியெடுக்க முனைவோர் முழுச் சட்டகம் உள்ள இடத்தில்தான் கத்தியை வைக்க முடியும். நினைத்த நொடிக்குச் சற்று முன்னரோ பின்னரோ துண்டு தொடங்குவது இதனால்தான்.

வட்டைத் திறந்தால் தெரியும் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறையில் மூன்று வகைக் கோப்புகள் உள்ளன. ஐஎஃப்ஓ என முடிபவை எந்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பொருளடக்கம். பியுபி என முடிபவை அவற்றின் காப்புப் பிரதி. விஓபி என முடிபவையே காட்சியும் ஒலியும் துணையுரையும் ஒன்றாகப் பின்னப்பட்ட உண்மைச் சரக்கு. ஒரு விஓபி 1 ஜிபி அளவைத் தாண்டக் கூடாது என்பது விதியாதலால், ஒரே படம் கதையின் போக்கைப் பொருட்படுத்தாமல் பல கோப்புகளாக நறுக்கப்பட்டிருக்கும். பாட்டின் பல்லவி ஒன்றிலும் சரணம் அடுத்ததிலும் விழுவது உண்டு. விஓபி கோப்பின் பெயரை எம்பிஜி என மாற்றிச் செருகிப் பார்ப்பது பலர் கையாளும் குறுக்குவழி. அது சில கணினிகளில் பலிக்கும், சிலவற்றில் ஊமைப்படமாக ஓடும், ஏனெனில் டால்பி நிறுவனத்தின் ஏசி-3 முறையில் பதிந்த ஒலியைப் பிரித்தறியும் நிரல் எல்லாக் கணினிகளிலும் இருப்பதில்லை.

கடைகளில் விற்கப்பட்ட திரைப்பட வட்டுகள் பலவற்றில் இதற்கு மேல் ஒரு பூட்டும் உண்டு. சிஎஸ்எஸ் எனப்படும் அம்மறையாக்கம் 40 பிட் அளவேயான திறவுகோலைக் கொண்டது. 1999-இல் அதை உடைக்கும் நிரல் வெளியானதை அடுத்து, அதில் பங்கு கொண்டிருந்த நார்வே இளைஞர் யோன் லெக் யோஹான்சன் மீது வழக்குத் தொடரப்பட்டு, 2003-இல் அவர் விடுவிக்கப்பட்டார். பூட்டு எளிதில் உடையக்கூடியது என்பதும் உடைக்கலாம் என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே தடை செய்தது. திரைப்படத் துறைப் பேராசிரியர்கள் வகுப்புக்காகத் துண்டுகள் எடுக்க 2006-இல் விலக்குப் பெற்றனர், 2010-இல் அது பிற துறைகளின் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் விரிந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. திருமணத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் ஸ்டுடியோக்கள் எழுதித் தந்த வட்டுகளில் பொதுவாக இப்பூட்டு இல்லை.

பூட்டில்லாத வட்டிலிருந்து காட்சியை எடுக்க, 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் போன்ற வடிவமாற்று நிரலே போதுமானது. அது பொருளடக்கக் கோப்பைப் படித்துப் பல விஓபிகளையும் ஒரே படமாகக் காட்டுவதால், வேண்டிய அத்தியாயத்தையோ தொடக்க, முடிவு நொடிகளையோ குறித்து, காட்சியை எச்.264 முறையிலும் ஒலியை ஏஏசி முறையிலும் சுருக்கி, எம்பி4 கோப்பாகப் பெறலாம். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. பழைய தொலைக்காட்சி, ஒரு சட்டகத்தை ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என இரு பாதிகளாக நொடிக்கு 50 தடவை வரைந்தது. இவ்விரு பாதிகளையும் கணினித்திரை ஒரே நேரத்தில் காட்டும்போது, ஆண்டு விழாவில் சிலம்பம் சுழற்றும் சிறுவனின் கோல் ஐம்பதில் ஒரு பங்கு நொடிக்குள் இடம் மாறிவிட்டிருப்பதால், அதன் விளிம்பு சீப்பின் பற்களைப் போலப் பிசிறி நிற்கும். இதை நீக்கும் வடிகட்டி, வரிப்பின்னல் நீக்கம் என்று பொருள்படும் பெயரில், அந்நிரலிலேயே உள்ளது. மற்றொன்று புள்ளியின் வடிவம்: டிவிடியின் புள்ளிகள் சதுரமானவை அல்ல, அகலத்திரைப் படமும் அதே 720 புள்ளிகளுக்குள் நெருக்கித்தான் எழுதப்படுகிறது, அதை 1024 புள்ளி அகலத்துக்கு விரிக்க மறந்தால் சக்கரம் முட்டையாகும், மணமக்கள் ஒரே நாளில் இளைத்துவிடுவர்.

படவில்லையில் சேர்ப்பது இதற்குப் பின் சிறு வேலையே. பவர்பாயிண்ட் 2007 வரையிலான பதிப்புகள் காணொளியைத் தம்முள் வைத்துக்கொள்ளாமல், அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டன. உரையாளர் பென்டிரைவில் படவில்லைக் கோப்பை மட்டும் எடுத்துச்சென்றால் அரங்கில் கறுப்புக் கட்டமே மிஞ்சியது. 2010 பதிப்பு முதல் காணொளி உள்ளேயே பதிகிறது. ஆயினும், மென்பொருளுக்குள் தலையையும் வாலையும் தறித்தால் அப்பகுதிகள் மறைகின்றனவே தவிர அழிவதில்லை. ஊடகத்தைச் சுருக்கும் கட்டளையைத் தந்த பிறகே கோப்பு இளைக்கும். அரை நிமிடத் துண்டுக்காக முழுப் படத்தையும் செருகுவதைவிட முன்பே வெட்டிக்கொள்வது மேல்: நொடிக்கு ஒன்றரை மெகாபிட் வீதம் சுருக்கிய ஒரு நிமிடக் காட்சி 11 எம்பி அளவிலேயே நிற்கிறது.

இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலும் வட்டு இயக்கி இன்றியே வருவதால், யுஎஸ்பி வழியே பொருத்தும் வெளி இயக்கி ஒன்று வேண்டியிருக்கும். ஸ்டுடியோவில் எழுதிய வட்டுகளில் தகவலைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய சாயப்படலம்; வெப்பமும் ஒளியும் அதை மங்கச் செய்யும். ஆகவே, அலமாரியில் அத்தகைய வட்டு வைத்திருப்போர், படவில்லைக்கு வேண்டிய துண்டைத் தேடுவதற்கு முன்னரே, வீடியோ டிஎஸ் கோப்புறையை முழுமையாக வன்தட்டில் படியெடுத்துவிட வேண்டும்.