அஷ்ட சூரணம்: எங்களிடமும் சொல்லுங்கள்

கட்டபெட்டுப் பகுதியிலிருந்து வயிற்று உபாதையுடன் வருவோரிடம் மருந்து விவரம் கேட்டால், மாத்திரைகளை மட்டுமே குறிப்பிடுகிறார்கள். வீட்டில் உண்ணும் அஷ்ட சூரணத்தைச் சொல்வதில்லை. அதைப் பலர் மருந்தாகக் கருதுவதில்லை. டாக்டர் கோபிப்பாரோ என்ற தயக்கமும் சிலருக்கு உண்டு. நாங்கள் கோபிப்பதில்லை.

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு என்னும் எட்டும் சேர்ந்தது இச்சூரணம். நெய்யுடன் முதல் கவளச் சோற்றில் பிசைந்து உண்பது மரபு. உணவுக்குப் பின் வரும் வயிற்று உப்புசத்திற்குச் சிறிதளவு உண்பதை நாங்கள் தடுப்பதில்லை. செரிமானத்திற்கு மூலிகைக் கூட்டு தருவது நமக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. சீன மருத்துவ மரபில் வந்த ஒரு கூட்டை, ரிக்குன்ஷிதோ என்ற பெயரில் ஜப்பானிய மருத்துவர்கள் இன்றும் எழுதித் தருகிறார்கள். அதில் அதிமதுரம் சேர்வதால், இரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறதா என்றும் கவனிக்கிறார்கள்.

நம் சூரணத்திலும் கவனிக்க வேண்டியவை உள்ளன. இந்துப்பும் உப்புதான். இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உடையோர் அதையும் அன்றாட உப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், வலிப்பு நோய்க்குத் தரும் பினைட்டாயின், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடும்.

எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. மேல்வயிற்றில் எரிச்சல், நெஞ்சில் இறுக்கம், வியர்வை ஆகியவற்றை ‘வாயுப் பிடிப்பு’ என்று எண்ணிச் சூரணம் உண்டு, விடியும்வரை காத்திருப்போர் உண்டு. அது மாரடைப்பாகவும் இருக்கலாம். நீரிழிவு உடையோரிடமும் முதியோரிடமும் பெண்களிடமும் மாரடைப்பு சில வேளைகளில் இவ்வாறே வெளிப்படும். மலைச்சாலையில் வந்து சேரவே நேரமாகும். ஆகவே காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

கொழுந்துச் சுமையால் வரும் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். சூரணம் எரிச்சலைச் சற்றுத் தணித்தாலும் புண் உள்ளே வளரலாம். மலம் தார்போல் கறுத்தாலோ, விழுங்கச் சிரமமிருந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ எண்டோஸ்கோபி தேவைப்படலாம். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதை உண்பவர்கள் தெரிவிக்கவும்.) வெறும் வயிற்றில் தேநீர் அருந்திவிட்டு வேலைக்குச் செல்வதும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். தேயிலை விளையும் ஊரில் இதைச் சொல்வது எங்களுக்கே எளிதன்று!

அடுத்த முறை வரும்போது சூரண டப்பாவையும் மருந்துப் பையில் எடுத்து வாருங்கள். நாளைக்கு எத்தனை சிட்டிகை, எத்தனை மாதங்களாக உண்கிறீர்கள் என்பதை உங்கள் மருந்துச் சீட்டில் குறித்துக்கொள்கிறோம்.