புஷ்காஷின் இடக்கால்

கால்பந்தாட்டத்தில் பதினொருவர் ஓரணியாய் நின்று ஆடுவர். அவருள் முன்வரிசையில் நின்று, எதிரணியின் கோல் கம்பங்களுக்கு இடையே பந்தைச் செலுத்துவதையே தம் பணியாகக் கொண்டவர் முன்னாட்டக்காரர். ஓர் ஆட்டம் தொண்ணூறு நிமிடம் நடைபெறும். அதில் முன்னாட்டக்காரரின் காலில் பந்து தங்கும் நேரம் மிகச் சிறிது. எஞ்சிய நேரமெல்லாம் அவர் ஓடுகிறார்; நிற்கிறார்; காவலர் விட்ட இடைவெளியை நோக்குகிறார்; காத்திருக்கிறார். கைக்கு எட்டிய வாய்ப்பைத் தவறவிட்டால், அவர் பட்ட பாட்டை நினைப்பார் எவருமிலர். இக்கடுந்தொழிலில் இருபதாம் நூற்றாண்டு கண்ட தலைசிறந்தோருள் ஒருவர் ஹங்கேரி நாட்டுப் பெரென்ஸ் புஷ்காஷ் ஆவர்.

புஷ்காஷ் 1927ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். நகரை அடுத்த கிஷ்பெஷ்ட் என்னும் எளியோர் வாழ் பகுதியிலே வளர்ந்தார். தந்தையாரும் கால்பந்து வீரரே. குடும்பப் பெயர் முதலில் வேறாக இருந்தது. 1937இல்தான் புஷ்காஷ் எனப் பெயர் மாற்றிக்கொண்டனர். அச்சொல்லுக்குத் துப்பாக்கி உடையவன் என்பது பொருள். பின்னாளில் அவர் பந்தை உதைத்த வேகத்தைக் கண்டோர்க்கு இப்பெயர் வியப்பளித்திராது! ஊராரோ அவரை ‘எச்சி’ என்றே அன்புடன் அழைத்தனர். நம் மொழியில் ‘தம்பி’ என்பதற்கு நேரான சொல் அது. கழகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளப் பன்னிரண்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது விதி. அதுவரை காத்திருக்கப் பொறாத சிறுவர், வேறொரு பெயரைப் புனைந்துகொண்டு ஆடத் தொடங்கிவிட்டார்.

அவர் நெட்டையர் அல்லர். தலையால் பந்தை முட்டுவதில் வல்லவரும் அல்லர். வலக்காலைப் பெரும்பாலும் ஊன்றி நிற்பதற்கே பயன்படுத்தினார். ஆனால், அவருடைய இடக்கால் ஒன்றே எதிரணியின் காவலர் அனைவருக்கும் அச்சம் தந்தது. குறைகளை மறைக்க முயலாமல், தம்மிடம் உள்ள ஓர் ஆற்றலை அவர் ஓயாத பயிற்சியால் கூர்மையாக்கினார்.

1949இல் கிஷ்பெஷ்ட் கழகத்தை ஹங்கேரியின் படைத்துறை மேற்கொண்டது. கழகத்தின் பெயரும் ஹொன்வேத் என மாறிற்று. ஆட்டக்காரர்க்குப் படைப்பதவிகள் வழங்கப்பட்டன. புஷ்காஷ் மேஜர் ஆனார். போர்க்களம் காணாத இம்மேஜரின் தலைமையில் ஹங்கேரி அணி, 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றது.

அடுத்த ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டனில் வெம்ப்ளி மைதானத்தில் நிகழ்ந்த ஆட்டம் விரித்துரைக்கத் தக்கது. ஐரோப்பியப் பெருநிலத்து அணி எதுவும் அதுவரை இங்கிலாந்தை அம்மண்ணில் வென்றதில்லை. அக்காலத்தில் ஒன்பதாம் எண் அணிந்த நடு முன்னாட்டக்காரர் கோலை ஒட்டியே நிற்பார். அவரை எதிரணியின் நடுக்காவலர் நிழல்போல் தொடர்வார். ஹங்கேரியின் ஒன்பதாம் எண்காரரான ஹிதெக்குட்டியோ பின்வாங்கி, மைதானத்தின் நடுவே சென்று நின்றார். நடுக்காவலர் என் செய்வார்? ஹிதெக்குட்டியைத் தொடர்ந்து சென்றால், விட்டுச்சென்ற இடத்தில் புஷ்காஷும் கொச்சிஷும் புகுவர். செல்லாது நின்றால், ஹிதெக்குட்டி தடுப்பாரின்றிப் பந்துடன் வருவார். முதல் நிமிடத்திலேயே அவர் கோல் அடித்துவிட்டார்.

ஹங்கேரியின் மூன்றாவது கோலே இன்றும் பேசப்படுவது. கோலுக்கு வலப்புறத்தே புஷ்காஷ் பந்துடன் நின்றார். இங்கிலாந்து அணித்தலைவர் பில்லி ரைட் பந்தைப் பறிக்க விரைந்து பாய்ந்தார். புஷ்காஷ் இடக்காலின் அடியால் பந்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பந்து இருந்த வெற்றிடத்தைக் கடந்து போனார் ரைட். அடுத்த நொடியில் பந்து கோலுக்குள் கிடந்தது. முடிவு, ஹங்கேரி ஆறு, இங்கிலாந்து மூன்று. ஆறுமாதம் கழித்துப் புடாபெஸ்டில் மீண்டும் மோதியபோது ஹங்கேரி ஏழுக்கு ஒன்று என வென்றது.

1954இல் சுவிட்சர்லாந்தில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. கோப்பை ஹங்கேரிக்கே என எல்லாரும் எண்ணினர். தொடக்கச் சுற்றில் மேற்கு ஜெர்மனியை எட்டுக்கு மூன்று என வென்றனர். ஆயினும் அவ்வாட்டத்திலேயே புஷ்காஷின் கணுக்கால் காயமுற்றது. இரண்டு ஆட்டங்களில் ஆடாதிருந்தவர், பெர்ன் நகரில் மழையிடையே நிகழ்ந்த இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியை எதிர்க்க இறங்கினார். முதல் கோலை அடித்தவரும் அவரே. எட்டு நிமிடத்திற்குள் ஹங்கேரி இரண்டு கோல் பெற்றது. எனினும் ஜெர்மனி மூன்று கோல் அடித்து முந்தியது. ஆட்டம் முடியும் தறுவாயில் புஷ்காஷ் மற்றொரு கோல் அடித்தார். ஆப்சைடு என நடுவர் அதனைத் தள்ளினார். நான்கு ஆண்டுகளாகத் தோல்வியறியாத அணி, எந்த நாளில் தோற்கக்கூடாதோ அந்த நாளில் தோற்றது.

1956 அக்டோபரில் ஹங்கேரியில் மக்கள் புரட்சி மூண்டது. சோவியத்துப் படைகள் அதனை அடக்கின. அவ்வேளை ஹொன்வேத் அணி ஆட்டங்களின் பொருட்டு வெளிநாட்டில் இருந்தது. புஷ்காஷ் தாயகம் திரும்பவில்லை. அதன் விலை சிறிதன்று. ஆடுதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் களம் காணாமையால் உடல் பருத்தது. முப்பது வயதைத் தாண்டிய பருத்த முன்னாட்டக்காரரை எந்தக் கழகம் விரும்பும்? அவர் காலம் முடிந்ததென்றே பலர் கருதினர். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகம் மட்டும் 1958இல் துணிந்து அவரை ஏற்றது.

அவர் உடலை இளைக்கச் செய்து மீண்டார். ஸ்பெயின் நாட்டுப் போட்டியில் மிகுதியான கோல் அடித்தவர் என்னும் சிறப்பை நான்குமுறை பெற்றார். 1960இல் கிளாஸ்கோ நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் மாட்ரிட் அணி பிராங்பர்ட் அணியை ஏழுக்கு மூன்று என வென்றது. அவ்வேழில் நான்கு புஷ்காஷ் அடித்தவை; மூன்று அவர் தோழர் டி ஸ்டெபானோ அடித்தவை. 1962இல் மற்றோர் இறுதியாட்டத்தில் அவர் மூன்று கோல் அடித்தும் பென்பிகா அணியிடம் மாட்ரிட் தோற்றது. ஆட்டம் முடிந்ததும், தம்மை வென்ற அணியின் இருபது வயது இளைஞரான யூசேபியோவிற்குத் தம் சட்டையைக் கழற்றித் தந்தார் புஷ்காஷ்.

1966இல் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார். ஹங்கேரிக்காக ஆடிய 85 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 84. பின்னர்ப் பயிற்சியாளராகி, கிரேக்க நாட்டுப் பனத்தினைக்கோஸ் அணியை 1971இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம்வரை கொண்டு சென்றார். அவ்வாட்டம் நிகழ்ந்த இடமும் வெம்ப்ளியே! அணி அங்கே தோற்றது.

தாயகத்தை அவர் மீண்டும் கண்டது 1981ஆம் ஆண்டில். சென்றபோது இருபத்தொன்பது வயதினர். திரும்பியபோது ஐம்பத்து நான்கு வயது. மக்கள் அவரை மறந்திருக்கவில்லை. 2006 நவம்பரில் மறைந்த அவருடைய உடல், புடாபெஸ்டின் புனித ஸ்டீபன் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. உலகக் கால்பந்துக் கழகம் ஓர் ஆண்டின் மிக அழகிய கோலுக்கு வழங்கும் பரிசு, 2009ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி வருகிறது.