எழுத்தில் ஐந்து, செவியில் மூன்று: பிரெஞ்சு வினைகளின் அசைகள்

பேசுதல் என்னும் பொருள்தரும் 'பார்லே' என்ற பிரெஞ்சு வினை, நிகழ்காலத்தில் மூவிடங்களுக்கும் ஒருமை பன்மைகளுக்கும் ஏற்ப ஐந்து விதமாக எழுதப்பட்டாலும், ஒலிக்கும்போது 'பார்ல்', 'பார்லோன்', 'பார்லே' என மூன்று வடிவங்களாகச் சுருங்கிவிடுகிறது. ஒருமை வடிவங்கள் மூன்றும் படர்க்கைப் பன்மையும் 'பார்ல்' என்றே ஒலிப்பதால், முன்னிலை ஒருமையின் ஈற்றிலுள்ள 'எஸ்', படர்க்கைப் பன்மையின் ஈற்றிலுள்ள 'ஈ, என், டி' ஆகிய எழுத்துகள் பழைய உச்சரிப்பின் எச்சங்களாக ஏட்டில் மட்டும் நிற்கின்றன.

ஓர் உயிரொலியை மையமாகக் கொண்டு ஒலிக்கும் கூறே அசை எனப்படும். தன்மை ஒருமை வடிவத்தை எழுத்திலக்கணம் ஈரசையாகப் பிரித்தாலும், அன்றாடப் பேச்சில் இறுதி 'ஈ' ஊமையாகிவிடுவதால் அது ஓரசையாகவே ஒலிக்கிறது. ஆனால் மரபுக் கவிதையில், மெய்யொலிக்கு முன் வரும் அந்த 'ஈ' தனி அசையாக எண்ணப்படும்.

உயிரொலிகளுக்கு இடைப்பட்ட மெய், பின்வரும் உயிரோடு சேர்ந்து புதிய அசையைத் தொடங்குவது பிரெஞ்சின் இயல்பு. 'அவளெழுதினாள்' எனத் தமிழில் மெய்யும் உயிரும் புணர்வதைப் போல, 'அவன் நேசிக்கிறான்' என்னும் பொருளுடைய 'இல் எம்' அங்கே 'இ-லெம்' என்றாகிறது. 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்னும்போதோ, பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல்லின் ஊமை 'எஸ்' உயிர்பெற்று அதிர்வுடைய 'ஸ'கரமாகி 'இல்-ஸெம்' என ஒலிக்கிறது. 'லியேசோன்' எனப்படும் இந்த இணைப்பொலியே இங்குப் பன்மையைச் செவிக்கு உணர்த்துகிறது. வினை மெய்யொலியில் தொடங்கினால் இவ்வுதவி கிடைக்காது. எனினும் 'முடித்தல்' என்னும் வினையில் ஒருமை 'ஃபினி' எனவும் பன்மை 'ஃபினிஸ்' எனவும் ஒலிப்பதால், இறுதி மெய்யே எண்ணைக் காட்டிவிடுகிறது.

அசை மாறும்போது உயிரொலியும் மாறுவதுண்டு. 'வாங்குதல்' என்னும் 'அஷ்தே'யில் வினைப்பகுதியில் ஒலிக்காத 'ஈ', விகுதி ஊமையாகும் 'அஷெத்' என்னும் வடிவத்தில் தெளிவான 'எ'கரமாகிறது. இம்மாற்றத்தைச் சில வினைகள் உயிரின்மேல் குறியிட்டும், சில மெய்யை இரட்டித்தும் காட்டிவந்தன. 1990ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தப் பரிந்துரை, அழைத்தல், எறிதல் ஆகியவற்றின் வினைக்குடும்பங்களை விலக்கி, ஏனையவற்றுக்குக் குறியிடும் முறையையே பொதுவாக்கியது.

ஆகவே, பிரெஞ்சு வினைத்திரிபைக் கற்பவர், விகுதியை மட்டும் மனனம் செய்யாமல், முன்னிற்கும் சொல்லோடு சேர்த்து வினையை ஒலித்துப் பழகுதல் இன்றியமையாதது.