சிறு துப்பாக்கிக்கு ஏற்ற தொலைநோக்கி

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்துகையில் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். என்.சி.சி.யில் சுட்டுப் பழகிய அவருடைய புதல்விக்குக் குறி பார்த்துச் சுடுவதில் பேரார்வம் உண்டாகியிருக்கிறதாம். “தொலைநோக்கி ஒன்று வாங்கித் தரச் சொல்லுகிறாள். கடைக்காரரோ இருபத்து நான்கு மடங்கு பெரிதாகக் காட்டுவதே உயர்ந்தது என்கிறார். என் ஒரு மாதச் சம்பளம், ஐயா! வாங்கலாமா?” என்று வினவினார். அவருக்குக் கூறிய விடை பிற இல்லங்களுக்கும் பயன்படலாம் என்று எண்ணி எழுதுகிறேன்.

முதலில் அறிய வேண்டுவது, பிள்ளை எந்தப் போட்டிக்குப் பழகுகிறது என்பதே. ஒலிம்பிக் முறையில் நடக்கும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலும், .22 துப்பாக்கியால் சுடும் 50 மீட்டர் போட்டியிலும் துப்பாக்கியின்மேல் தொலைநோக்கி பொருத்த இடமில்லை. பின்னே ஒரு சிறு துளை, முன்னே ஒரு வளையம். இவற்றின் வழியாகவே குறி பார்த்தல் வேண்டும். 10 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் பெறும் நடுப்புள்ளியின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டரே! கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதும், சுவப்னில் குசாலே 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் தொலைநோக்கி இன்றியேயாம்.

தொலைநோக்கிக்கு இடமுள்ள பயிற்சிகளில் பல தூரங்களில் சுடுவோர் மூன்று விஷயங்களைக் கருத வேண்டும்.

ஒன்று, பெருக்கம். இலக்கு பெரிதாகும்போது கை நடுக்கமும் பெரிதாகும், காட்சிப் பரப்பு சுருங்கும், ஒளியும் குறையும். 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடியில் 4 மடங்கு பெருக்கினால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 10 மில்லிமீட்டர். 20 மடங்கானால் 2 மில்லிமீட்டரே. 3 முதல் 9 மடங்குவரை மாற்றத்தக்கது .22 துப்பாக்கிக்குப் போதும். அண்மையில் குறைத்தும் சேய்மையில் கூட்டியும் பயன்படுத்தலாம்.

இரண்டு, தூரப் பொருத்தம். பெருந்துப்பாக்கிகளுக்கான தொலைநோக்கிகளைப் பெரும்பாலும் 100 கெஜத்திற்கும், .22-க்கானவற்றை 50 கெஜத்திற்கும் பொருந்த அமைக்கின்றனர். வேறு தூரத்தில் கண் சற்று விலகினால் குறிக்கோடும் இலக்கின்மேல் நகர்ந்து தோன்றும். 10 மீட்டரிலும் 100 மீட்டரிலும் சுடுவோர் இதனைத் திருத்தும் வளையம் உள்ளதையே வாங்குதல் நன்று.

மூன்று, குண்டின் வீழ்ச்சி. 50 மீட்டரில் நேர்செய்த துப்பாக்கியின் சாதாரண வேகக் குண்டு, 100 மீட்டரில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கீழே படும். வழக்கமான கால் நிமிடத் திருகின் ஒரு சொடுக்கு அத்தூரத்தில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். ஆகவே 28 சொடுக்குகள் வேண்டும். திருகு ஒவ்வொரு முறையும் பழைய இடத்திற்குச் சரியாகத் திரும்புகிறதா என்று பார்த்தே வாங்குக. ஒவ்வொரு தூரத்திற்கும் தாமே சுட்டுப் பார்த்து, கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். .22 துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் தேவை. துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியால் மனிதரையோ வீடுகளையோ வேடிக்கை பார்த்தல் ஆகாது. கண் செல்லும் இடத்திற்குக் குழலும் செல்லுமன்றோ?

அன்பர் கடைக்குப் போகுமுன் பயிற்சியாளரைக் கண்டார். புதல்வி பழக விரும்புவது 50 மீட்டர் போட்டிக்கே என்று தெரிந்தது. தொலைநோக்கிக்கென எடுத்து வைத்த பணம் பயிற்சிக் கட்டணமாயிற்று. மன்றத்துத் துப்பாக்கியோடு இப்பொழுது ஞாயிறுதோறும் அவள் பழகி வருகிறாள். தந்தையார் அருகில் அமர்ந்து குறிப்பேடு எழுதுகிறார்.